என் பேர் ஒட்டிய பாட்டில்

ஜூலை மாதம் வந்துவிட்டால் இந்த ஊரில் பாதிப் பேருக்குப் பல் ஊதா நிறமாகிவிடும். பேங்க் கவுன்ட்டரில் இருக்கிற பெண் சிரித்தால் ஊதா, பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர் கொட்டாவி விட்டால் ஊதா, சர்ச் வாசலில் நின்று எல்லோருக்கும் கை கொடுக்கிற பாதிரியாருக்கும் ஊதா. வந்த முதல் வருஷம், நான் வேலை பார்க்கிற முதியோர் இல்லத்தில் ஒரு அம்மாவின் நாக்கு கருத்துக்கிடப்பதைப் பார்த்துப் பதறிப்போய், வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்து, சூப்பர்வைசரையும் கூப்பிட்டுவிட்டேன். அவள் வந்து எட்டிப் பார்த்தாள். "பெரி சாப்பிட்டிருக்கிறார்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவளுக்கும் பல் ஊதா. எங்கள் கள்ளக்குறிச்சியில் அடுத்தவர் மரத்து நாவப்பழத்தைத் தின்றுவிட்டு வந்தால் நாக்கைக் காட்டாமல் வாயை மூடிக்கொண்டு திரிவோம். இங்கே ஊரே நாக்கை நீட்டிக்கொண்டு திரிகிறது.

அந்தப் பழத்துக்கு சாஸ்கட்டூன் பெரி என்று பெயர். கனடாவில் நாங்கள் இருக்கும் மாகாணத்தில் ஒரு பெரிய நகரத்துக்கே இந்தப் பழத்தின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். ஆற்றோரத்திலும் ரயில்பாதை ஓரத்திலும் தானாக முளைத்துக் கிடக்கிற புதர்ச்செடி. ஆள் உயரத்துக்கு மேலேயும் வளரும். உறைபனி, காற்று, மைனஸ் நாற்பது டிகிரி, எதற்கும் அசையாது. நானும் என் வீட்டுக்காரரும் ஒரு சுவெட்டருக்கு மேல் இன்னொரு சுவெட்டர் போட்டுக்கொண்டு நடுங்கும்போது அது பாட்டுக்கு அம்மணமாக நின்றுகொண்டிருக்கும்.

என் வீட்டுக்காரர் சங்கர் நைனார்பாளையத்துக்காரர். மக்காச்சோளமும் மரவள்ளியும் போடுகிற குடும்பம். நான் கள்ளக்குறிச்சி டவுனில் கருணாபுரம். அப்பா மூட்டை தூக்கினார், அம்மா கிடைத்த வேலைக்குப் போனாள், நான் நர்சிங் படித்தேன், தம்பி மணி படிக்காமல் பெயின்டர் ஆனான். இங்கே வந்து வாடகைக்கு எடுத்த வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் வால்டர் என்ற பெரியவர். ரயில்வேயில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், மனைவி இறந்துவிட்டார், தனி ஆள். நான் அவரை 'அங்கிள்' என்று கூப்பிட்டதும், "உன் அப்பாவுக்கும் எனக்கும் சொந்தமா?" என்று நிஜமாகவே கேட்டார். ஒரு வசந்த காலத்தில் தன் செடியின் அடியிலிருந்து ஒரு கன்றைப் பெயர்த்துப் பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். சங்கர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா செல்வி, ஒரு குச்சியக் குட்த்துட்டுப் போறாரு?"

குச்சிதான். இருந்தாலும் கிழவர் கொடுத்தாரே என்று நட்டு வைத்தோம். கோடையில் பத்துப் பன்னிரண்டு இலை விட்டது. நவம்பரில் அதுவும் போய்விட்டது. நம் ஊரில் ஒரு செடி அப்படி நின்றால் அடுப்புக்குத்தான் போகும். உயிர் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க ஒரு நாள் அதைப் பிடித்து இழுத்தேன். வால்டர் வீட்டுச் செருப்போடு பனியில் ஓடி வந்தார். இரண்டு கையையும் சேர்த்துக் கன்னத்தில் வைத்துத் தலையைச் சாய்த்து, "ஸ்லீப்! ஸ்லீப்!" என்றார். மத்தியானம் இரண்டு மணிக்கு என்னை ஏன் தூங்கச் சொல்கிறார், இந்த மனுஷனுக்குப் புத்தி கலங்கிவிட்டதா என்று பயந்து நான் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். செடி தூங்குகிறது என்று சொல்லியிருக்கிறார். செடி தூங்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்!

ஞாயிற்றுக்கிழமைதோறும் மணி வீடியோவில் வருவான். அவனுக்கு நான் பனியைக் காட்ட வேண்டும். அக்காவையும் மாமாவையும் பார்த்து அவனுக்கு அலுத்துப்போயிருந்தது, பனிதான் முக்கியம். "இன்னும் கொஞ்சம் அந்தாண்ட திருப்புக்கா. இன்னாக்கா இது, ஊருக்கே ரெண்டு கோட்டிங் ஒயிட் அடிச்சி வச்சிருக்கானுங்க!" என்பான். எல்லாவற்றையும் பெயின்டாகத்தான் பார்ப்பான். அந்தக் குச்சியையும் காட்டுவேன். "அது செத்துப்போச்சி, புடுங்கிப் போடு" என்று சிரிப்பான். பகலெல்லாம் சாரத்தில் தொங்கிக்கொண்டு வேலை செய்துவிட்டுச் சாயந்திரம் உடம்பு வலிக்குது என்று குடிப்பான். நான் கத்துவேன். "உடு, கம்மியாத்தான்க்கா" என்பான்.

அதற்கடுத்த கோடைகளில் குச்சி புதராகிவிட்டது. ஒரு மே மாதம் இலை வருவதற்கு முன்பே வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. ஜூனில் கிளைக்குக் கிளை பச்சைக் காய். நான் தினமும் வேலைக்குப் போகும் முன் போய் எண்ணாத குறையாகப் பார்த்துவிட்டு வருவேன். அந்த ஜூனில்தான் ஒரு நாள் காலையில், ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை, அம்மாவின் போனிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது மணி.

"அக்கா, ஒண்ணுமே தெர்லக்கா. ஒரே வெள்ளையா இருக்குது. நீ காட்டுவியே பனி, அந்த மாறி இருக்குது."

விளையாடுகிறான் என்று நினைத்தேன். "மறுபடியும் குடிச்சிட்டியாடா நாயே?" என்று திட்டிவிட்டு, ஷூவுக்குள் காலை நுழைத்துக்கொண்டே பேசினேன். அப்போதுதான் அவன் குரலுக்குப் பின்னால் எங்கள் தெருவே அழுகிற சத்தம் கேட்டது. ஒரு வீட்டு அழுகை இல்லை, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும். அந்த வாரம் மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயத்தால் அங்கே நடந்ததை நீங்கள் எல்லோரும் டிவியில் பார்த்தீர்கள். நான் அதைத் திரும்ப எழுதப் போவதில்லை, என் கையால் முடியாது. மணி பிழைத்துக்கொண்டான். கண் திரும்பவில்லை. எனக்கு அப்போது விசா புதுப்பிக்கக் கொடுத்திருந்ததால் பாஸ்போர்ட் கையில் இல்லை. பொங்கலுக்குத்தான் போக முடிந்தது. போனதும் என் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு அவன் கேட்டது இதைத்தான்: "அந்தக் குச்சி காய்ச்சுதாக்கா?"

காய்த்திருந்தது. அது நடந்த மறு மாதமே, ஜூலையில், செடி கொள்ளாமல் பழுத்துத் தொங்கியது. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. இது என்ன வெட்கங்கெட்ட செடி, இந்த நேரத்தில்தான் பழுக்க வேண்டுமா என்று அதன்மேல் கோபம் வந்தது. வால்டர் வேலி மேல் சாய்ந்துகொண்டு, பறிக்காவிட்டால் பறவைகள் தின்றுவிடும் என்றார். "நீங்களே எடுத்துக்கோங்க, எல்லாத்தையும்" என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வாளி வாளியாகப் பறித்துக்கொண்டு போனார்.

மறு வருஷம் மறுபடியும் பழுத்தது. இந்தத் தடவை தின்பது என்று முடிவு செய்தேன். மணி கேட்டால் ருசி சொல்ல வேண்டுமே! பழம் ஒவ்வொன்றும் சுண்டைக்காய் அளவுதான். கருநீலத் தோலின் மேல் லேசாகச் சாம்பல் பூத்த மாதிரி இருக்கும், விரலால் தேய்த்தால் போய்விடும். உள்ளே இனிப்பு, கடைசியில் விதை கடிபடும்போது ஒரு பாதாம் வாசனை. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் நாவப்பழம் வாங்கி உப்புப் போட்டுக் குலுக்கித் தின்ற நாக்கு எனக்கு. வெறும் பழமாக எப்படித் தின்பது? ஒரு டிபன் பாக்ஸில் பழத்தைப் போட்டு, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி, மூடிக் குலுக்கினேன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற வால்டருக்கு ஒன்று நீட்டினேன். வாயில் போட்டார், கண் கலங்க இருமினார். "இதை மாவுக்குள் வைத்துச் சுட்டு 'பை' செய்ய வேண்டும், செல்வி. பை!" என்றார், யாரோ கோயிலுக்குள் செருப்போடு நுழைந்ததைப் பார்த்தவர் போல.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவரே கதவைத் தட்டினார். கையில் ஒரு பாட்டில். கருஞ்சிவப்பாக ஏதோ திரவம். அதன்மேல் ஒட்டிய சிறிய தாளில் இங்கிலீஷில் அழகாக எழுதியிருந்தது: செல்வி. என் பேர்!

"உன் பழம்தான். போன வருஷம் கொடுத்தாயே, அது. ஒயின்."

"எந்தக் கடையில் செய்தார்கள்?" என்று கேட்டேன்.

"கடையா? என் வீட்டு பேஸ்மென்டில். நானே போட்டேன்." முகம் முழுக்கப் பெருமை.

எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. வீட்டில் மறைவாகக் காய்ச்சுவது எது, அது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் அப்பா புளி உலுக்கக் கல்வராயன் மலைக்குப் போகும்போது என்னையும் கூட்டிப்போவார். ஓடைப் பக்கம் ஒரு புளித்த நெடி அடித்தால் வேறு வழியாகச் சுற்றி நடப்போம். வெல்லத்தையும் மரப்பட்டையையும் தண்ணீரில் போட்டுப் பேரலோடு மண்ணில் புதைத்து வைத்திருப்பார்கள், சாராயம் காய்ச்சத்தான், அதற்கு ஊறல் என்று பெயர். அதைப் பார்த்தேன் என்று வெளியே சொன்னாலே வம்பு. இப்போது அந்தச் சமாச்சாரம் என் பேரை ஒட்டிக்கொண்டு என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது! அதுவும் எந்தப் பழம்? என் தம்பிக்குக் கண் போன கோடையில் பழுத்த பழம். 'தேங்க்யூ' என்று மட்டும் சொல்லி வாங்கி வைத்தேன். அவர் போனதும் சிங்க்கில் கொட்டிவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் முதியோர் இல்லத்திலிருந்து போன் வந்தது, பேசிக்கொண்டே தோட்டத்துப் பக்கம் போய்விட்டேன்.

திரும்பி வந்து பார்த்தால் பாட்டில் திறந்திருக்கிறது. சங்கர் சாப்பாட்டு மேசையில் டம்ளரோடு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் என் டிபன் பாக்ஸ், தொட்டுக்கொள்ள.

"ஒரு வாய்தான் செல்வி. பெரிய மனுசன் ஆசையா குட்த்தது, வாணாம்னா நல்லாவா இருக்கும்?"

நான் கத்த வாயைத் திறந்தேன். அதற்கு முன் அவர் கண்ணைக் கசக்கினார். "ஆ! இன்னாது இது, கண்ணு... செல்வி, கண்ணு ஒண்ணும் தெர்ல!"

அதற்குப் பிறகு நான் செய்தது எதுவும் நர்சிங் படித்தவள் செய்வது இல்லை. உப்புத் தண்ணீரைக் கரைத்து அவர் வாயில் ஊற்றினேன். அவர் திமிறத் திமிறத் தலையைப் பிடித்துக் குனிய வைத்து முதுகில் குத்தினேன். "சாவாதய்யா, சாவாத!" என்று அலறிக்கொண்டே எமர்ஜென்சிக்குப் போன் போட்டேன். எங்கள் தெருவில் நாய்கூடச் சத்தமாகக் குரைக்காது. அந்தத் தெருவில் ஆம்புலன்ஸ் வந்தது, பின்னாலேயே எதற்கோ ஒரு தீயணைப்பு வண்டியும் வந்தது. ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள். வால்டர் அதே வீட்டுச் செருப்போடு ஓடி வந்து, "என்ன ஆச்சு?" என்று கேட்டார். நான் எல்லோர் முன்னாலும் அவரை நோக்கிக் கையை நீட்டி, "பாய்சன்! இவர்தான் பாய்சன் கொடுத்தார்!" என்று கத்தினேன்.

ஆம்புலன்ஸில் வந்த பெண் சங்கரின் கண்ணைத் தண்ணீரால் கழுவினாள். அவர் விரலைப் பிடித்து முகர்ந்து பார்த்தாள், அவளுக்கு ஒரு தும்மல் வந்தது. மேசையில் இருந்த டிபன் பாக்ஸைப் பார்த்தாள். மிளகாய்த்தூள். சங்கர் கண்ணைக் கொட்டிக் கொட்டிப் பார்த்து, "தெரியுது, தெரியுது, எல்லாம் தெரியுது, உட்ருங்க" என்றார் தமிழில். யாரும் சிரிக்கவில்லை. வால்டர் மேசைக்கு வந்து அந்த பாட்டிலை எடுத்து மூடியைத் திருகி, கையோடு தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்.

அதற்கப்புறம் மனுஷன் முகம் கொடுக்கவில்லை. வேலிப் பக்கத்துத் திரையை இழுத்து மூடிவிட்டார். பறிக்க ஆளில்லாமல் என் செடியிலும் அவர் செடியிலும் பறவைகள் கூட்டம் கூட்டமாக வந்து தின்றுவிட்டு, சங்கரின் கார் மேலெல்லாம் ஊதாவாகப் போட்டுவிட்டுப் போயின.

"அவரப் போயி வெஷம் வச்சாருன்னியே. போய் ஒரு வார்த்த பேசு" என்றார் சங்கர்.

"நான் இன்னாங்க தப்பு பண்ணேன்? உங்களுக்கு நெஜமாவே ஆயிருந்தா?"

"ஆவலியே! அதத்தான் அவராண்ட சொல்லு. மணி கதைய அவருக்கு யாரு சொன்னா?"

அது சரிதான். இந்த மனிதருக்கு நான் எதையுமே சொன்னதில்லை. போனில் மணியின் படத்தை எடுத்துக்கொண்டு போய் அவர் கதவைத் தட்டினேன். கையில் கோலோடு எங்கள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருக்கிற படம். சட்டையில் இன்னும் பழைய பெயின்ட் திட்டுகள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். ஒரு தெரு, ஒரு வாரம், எத்தனை வீடு என்று சொன்னேன். வால்டர் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"இவன் ஏன் அதைக் குடித்தான்? கடையில் நல்லது கிடைக்காதா?"

"கிடைக்கும். இது விலை கம்மி" என்றேன். அவருக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. எழுந்து, "வா" என்று பேஸ்மென்டுக்குப் படியிறங்கினார். எனக்கு இறங்க மனசு வரவில்லை. இருந்தாலும் போனேன்.

அதே நெடி. மலையில் ஓடையோரம் அடித்த அதே புளித்த நெடி! என் கால் தானாகப் பின்னுக்குப் போனது. ஆனால் அங்கே பளீரென்று ட்யூப்லைட் எரிந்தது. கண்ணாடி ஜாடிகளில் பழச்சாறு களுக் களுக்கென்று குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றிலும் பழத்தின் பெயர் ஒட்டியிருந்தது. மறைவே இல்லாத ஊறலை என் ஆயுளில் அன்றுதான் பார்த்தேன். சுவரில் ஒரு ரிப்பன் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. அது என்னவென்று கேட்டேன். ஊர்த் திருவிழாவில் வீட்டு ஒயின் போட்டியில் முதல் பரிசாம்.

"பரிசா! போலீஸ் பிடிக்காதா?"

வால்டர் யோசித்தார். "இங்கே இருக்கிற போலீஸ்காரருக்கு இரண்டாம் பரிசுதான் கிடைத்தது" என்றார்.

எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. அங்கே வெல்லத்தை ஊறப் போடுகிறார்கள், இங்கே பழத்தை. இவருக்கு ரிப்பன் குத்துகிறார்கள், என் தம்பிக்குக் கண் போனது. இதை யாரிடம் போய்க் கேட்பது? படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதேன். வால்டர் என் பேர் ஒட்டிய பாட்டிலை அலமாரியிலிருந்து எடுத்தார். ஒரு கிளாஸ் நிறைய ஊற்றி, எனக்கு நேராக ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து முழுக்கக் குடித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, அன்றைய செய்தித்தாளை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்து, பொடி எழுத்தைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். கோதுமை விலை, யாரோ விற்கிற டிராக்டர், காணாமல்போன பூனை. அவர் பாட்டுக்குப் படித்துக்கொண்டே இருந்தார், நான் அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. "போதும் அங்கிள்" என்றேன். அதற்கப்புறம்தான் நிறுத்தினார். நான் அந்த ஒயினைக் குடிக்கவில்லை, இனியும் குடிக்க மாட்டேன். அவரும் ஊற்றித் தருகிறேன் என்று சொல்லவில்லை. ஒரு பாட்டில் ஜாம் கொடுத்து அனுப்பினார்.

மணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எப்படி எடுத்துக்கொள்வானோ என்று பயந்துகொண்டேதான் சொன்னேன்.

"மாமாவுக்கு உப்புத் தண்ணி குட்த்து வாந்தி எடுக்க வச்சியா?" கண் போனபிறகு அவன் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. சிரித்து முடித்துவிட்டு, "சாராயத்துக்கு ரிப்பன் குத்துறானுங்களா? இன்னா கலரு ரிப்பன்?" என்றான்.

"நீலம்டா."

"நீலம்னா? ஸ்கை ப்ளூவா, நேவி ப்ளூவா?"

"நேவி ப்ளூ."

"பழம் இன்னா கலரு? கத்திரிப்பூவா?"

"இல்லடா. நாவப்பழத்துல கொஞ்சம் சாம்பல் பூசின மாறி."

அவன் மனசுக்குள் டப்பாவில் கலக்கிப் பார்க்கிறான் என்று எனக்குத் தெரியும். "மேட் ஃபினிஷ்" என்றான் கடைசியில்.

இப்போது ஜனவரி. நேற்று ஞாயிற்றுக்கிழமை. இங்கே காலை, அங்கே விளக்கு வைக்கிற நேரம். பழக்கதோஷத்தில் வீடியோவைத்தான் போடுகிறேன், அவனும் பழக்கதோஷத்தில் போனை முகத்துக்கு நேராகத்தான் பிடித்துக்கொள்கிறான். பூட்ஸைப் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். ராத்திரியெல்லாம் காற்றோடு பனி கொட்டி எல்லாவற்றின் மேலும் அப்பியிருந்தது. வேலி இல்லை, வால்டர் வீட்டுப் படிக்கட்டு இல்லை, செடியில் நுனிக் குச்சி இரண்டு மட்டும் வெளியே தெரிந்தது.

"செடி இன்னாக்கா பண்ணுது?"

"தூங்குது."

"செத்துப்போச்சின்னு புடுங்கிறாத."

"மாட்டேன்டா."

"காட்டு" என்றான்.

நான் போனைத் திருப்பி எதிரே நீட்டினேன். "ஒண்ணும் தெரியலடா மணி. எங்க பாத்தாலும் ஒரே வெள்ளை."

"எனக்கும் அதான்க்கா தெரியுது" என்றான்.

போனை வைக்கவில்லை. அவன் கருணாபுரத்து வாசற்படியில், நான் இங்கே முழங்கால் பனியில், கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.